கணக்கில் வராத இருநூற்றுப் பன்னிரண்டு பேர்

தர்மாவிடம் அவன் மனைவி புனிதாவைப் பற்றிக் கேட்டால் எடுத்த எடுப்பில் குறைதான் சொல்வான். முட்டை வாங்கப் போனால் தட்டைத் தலைக்கு மேல் தூக்கி அடியில் ஈரம் இருக்கிறதா என்று பார்ப்பாளாம். மீன் வாங்கினால் மீனை விட்டுவிட்டுத் தராசு முள்ளைப் பார்ப்பாளாம். கல்யாணத்துக்குக் கிளம்பினால் காரில் ஏறியபின் அழைப்பிதழை எடுத்து மண்டபத்தின் பெயரை இன்னொரு தடவை படிப்பாளாம். ஆஸ்பத்திரியில் பெற்ற பிள்ளையைக் கையில் கொடுத்தபோது முகத்தைப் பார்க்குமுன் காலில் கட்டியிருந்த பட்டையின் எண்ணைப் பார்த்தவள் அவள் என்று அவன் சொல்லும்போது கேட்பவர்கள் சிரிப்பார்கள். அவனும் சிரிப்பான். ஆனால் சென்ற வருஷத்திலிருந்து அந்தச் சிரிப்பில் கேலி குறைந்து, கோயில் கோபுரத்தை அண்ணாந்து பார்க்கிறவன் முகத்தில் வருகிற ஒன்று வந்து சேர்ந்திருக்கிறது.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. ஈப்போவுக்கு வெளியே இருந்த ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் பத்தொன்பது வருஷம் அவளுக்கு ஒரே வேலை. வெளியிலிருந்து வருகிற சாமான்களை உள்ளே விடுமுன் சோதிப்பது. பெட்டியில் ஆயிரம் என்று போட்டிருந்தால் ஆயிரம்தானா, அனுப்பியவன் சொன்ன ஆள்தானா, வழியில் யாராவது பிரித்து ஒட்டியிருக்கிறார்களா என்று பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் சாமான் உள்ளே போகும். ஒருமுறை மேலதிகாரியே அவசரம் என்று தலைமேல் நின்றும், அவள் நாற்பது நிமிஷம் எண்ணி முடித்துவிட்டுத்தான் பேனாவை எடுத்தாள். அந்தப் பெட்டியில் தப்பு ஒன்றும் இல்லை என்பது வேறு விஷயம்.

தொழிற்சாலையை மூடியபோது அவளுக்கு வயது நாற்பத்து மூன்று. கூட வேலை பார்த்தவர்கள் கையுறைக் கம்பெனிக்கும் பேரங்காடிக்கும் போனார்கள். புனிதா சமூகக் கல்லூரியில் சேர்ந்து இணையத்தளம் பராமரிக்கக் கற்றுக்கொண்டாள். இப்போது ஒரு பாலர் பள்ளி, ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடை, சித்தியவானில் ஒரு பூக்கடை ஆகியவற்றின் இணையத்தளங்களை வீட்டிலிருந்தபடியே பார்த்துக்கொள்கிறாள். ஆண்டவேல் சங்கத்தின் இணையத்தளத்தையும் பார்த்துக்கொள்கிறாள். அது அவளுக்குத் தொண்டு, தர்மாவுக்குப் பெருமை. தர்மா அந்தச் சங்கத்தின் செயலாளர்.

ஆண்டவேல் என்பது கோப்பெங் போகும் பாதையில் உள்ளே தள்ளி இருந்த ரப்பர்த் தோட்டம். வெள்ளைக்காரன் வைத்த பெயர் ஆர்டன்வேல். நம் ஆட்கள் வாயில் புகுந்து அது ஆண்டவேல் ஆனது, வேல் வந்துவிட்டதே என்று ஒரு முருகன் கோயிலும் அங்கே வந்துவிட்டது. பிறகு மரத்தை வெட்டிச் செம்பனை போட்டார்கள், செம்பனையிலும் பாதியை அழித்துத் தாமான் என்கிற குடியிருப்பு வீடுகளைக் கட்டினார்கள். ஆட்கள் புந்தோங், மெங்லெம்பு என்று ஈப்போவைச் சுற்றிச் சிதறினார்கள். தோட்டத்து ஆஸ்பத்திரியை இடித்தபோது அலமாரியில் இருபத்தாறு பிறப்புப் பதிவேடுகள் கிடைத்தன. அந்தக் காலத்து டிரஸர்கள், அதாவது தோட்ட ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்தவர்கள், கையால் எழுதியவை. சங்கத்தார் எட்டு வருஷத்துக்கு முன் ஒவ்வொரு பிள்ளையின் பதிவையும் தனித்தனிப் படமாக எடுத்து, பெயர் போட்டு இணையத்தளத்தில் ஏற்றிவிட்டு, அசல் புத்தகங்களைக் கோலாலம்பூரில் ஓர் ஆவணக் காப்பகத்தில் ஒப்படைத்தார்கள். அங்கே கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள். ஆனால் எத்தனையாவது புத்தகம், எத்தனையாவது வரி என்று சொல்லிக் கேட்க வேண்டும். அதைச் சொல்ல இணையத்தளத்தை விட்டால் வேறு வழியில்லை.

இதெல்லாம் பழைய தாளை வைத்துக் கொண்டாடுகிற விஷயம் என்று நினைத்துவிடக் கூடாது. தர்மா வீட்டிலிருந்து மூன்றாவது வீட்டுக்கு மூன்று வருஷத்துக்கு முன் குடிவந்தவர் கருப்பம்மாள். பள்ளிக்கூடத்தில் துப்புரவு வேலை. வயது அறுபதைத் தாண்டிவிட்டது; கையில் இன்னும் சிவப்பு ஐசி என்கிற அடையாளக் கார்டுதான். அந்தக் கார்டு வைத்திருப்பவர் இந்த நாட்டில் இருக்கலாம், குடிமகன் கிடையாது. ஓட்டுக் கிடையாது, முதியோர் உதவி கிடையாது. அவருக்கு இரண்டு வயதாகும்போது ஆண்டவேலில் பால்மரம் சீவிய அப்பா, பத்துமலை என்பவர், மரம் விழுந்து இறந்தார். அம்மாவும் அடுத்த வருஷமே போய்ச் சேர, சித்தி ஒருத்தி சித்தியவான் பக்கம் கொண்டுபோய் வளர்த்தாள். பிறப்புச் சூராட்டு, அதாவது பிறப்புச் சான்றிதழ், என்று ஒன்றை யாரும் எடுக்கவில்லை. பின்னால் ஐசி எடுக்கப் போனபோது எங்கே பிறந்தாள், எப்போது பிறந்தாள் என்று கேட்டதற்குச் சித்தி விழித்தாள். அப்பா பெயர்கூட இல்லாமல் வெறும் கருப்பம்மாள் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

நாடு சுதந்திரம் அடைந்த பிறகு, அறுபத்திரண்டு அக்டோபருக்கு முன், இந்த மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன். கருப்பம்மாள் அந்தக் கணக்கில் வருகிறவர்தான். ஆனால் பிறந்ததைக் காட்ட வேண்டுமே. பதிவிலாகாவில் இருந்த மலாய்க்கார அம்மா நல்லவர். தோட்டத்துப் பதிவு ஏதாவது இருந்தால் வியாழக்கிழமை கொண்டுவாருங்கள், அன்றைக்கு மனுவை மேலே அனுப்புகிறேன், இல்லாவிட்டால் மூடித்தான் ஆக வேண்டும் என்று சொல்லியிருந்தார். அது மூன்றாவது மனு. இன்னொரு மனுப் போட்டு அலைய அந்த முழங்காலுக்குத் தெம்பில்லை.

சங்கத்து இணையத்தளத்தில் பதினொரு எழுத்துக்கூட்டலில் தேடியாயிற்று. டிரஸர் காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதியவர். ராமாயி அவர் கையில் ரெமி ஆவாள், கருப்பம்மாள் என்ன ஆனாளோ. இணையத்தளத்தில் இருந்த தேடலோ எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனால்தான் வாயைத் திறக்கும். இதற்குத் தீர்வு ஒன்று உண்டு. இணையத்தளத்துக்குப் புதிதாக ஒரு வேலை தெரிய வேண்டுமென்றால் அதற்கென்றே யாரோ எழுதிவைத்த துணைநிரலை மாட்டிவிட்டால் போதும். பிளகின் என்பார்கள். எழுத்தைப் பார்க்காமல் உச்சரிப்பை வைத்துத் தேடுகிற பிளகின் ஒன்று இருந்தது.

சனிக்கிழமைச் சங்கக் கூட்டத்துக்கு அதைப் பென்டிரைவிலேயே கொண்டுவந்துவிட்டார் தலைவர் யுகேந்திரன். அவர் புந்தோங்கில் போட்டோஸ்டாட் கடையும் கணினிக் கடையும் வைத்திருப்பவர். எல்லா வசதியும் திறந்துவிட்ட முழுப் பதிப்பு, நண்பர் ஒருவர் சும்மாவே கொடுத்தார், இரண்டு நிமிஷ வேலை என்று மேசைமேல் வைத்தார். கூட்டம் கைதட்டியது. தர்மா எழுந்து, நாளைக்கே புனிதா போட்டுவிடுவாள் என்று அறிவித்தான். கருப்பம்மாள் அவனைக் கையெடுத்துக் கும்பிட்டார். புனிதா அந்தப் பென்டிரைவைத் தொடவே இல்லை. எங்கிருந்து வந்தது என்று தெரியாததை உள்ளே விட முடியாது, செய்தவர்களிடமிருந்தே எடுத்து, சோதித்து, புதன்கிழமைக்குள் போடுகிறேன் என்றாள்.

யுகேந்திரனுக்கு முகம் சுண்டிப் போனது. நம்மவர்களிடம் ஒரு வழக்கம் உண்டே, கொடுத்ததைப் பிரித்துப் பார்த்தால் கொடுத்தவனைச் சந்தேகப்பட்டதாகிவிடும். இருபது வருஷமாகச் சங்கத்துக்கு உழைக்கிறவனிடம் இப்படியா என்று கேட்டார்.

"ஒங்கள நான் நம்புறேண்ணே," என்றாள் புனிதா. "பென்டிரைவ நம்பல."

கூட்டம் உப்புச் சப்பில்லாமல் கலைந்தது. வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் தர்மா வேனை ஓட்டுவதைவிட அதிகமாகப் பேசினான். அவன் ஏர்கோன் மெக்கானிக். பழுதான பாகத்தைக் கழற்றி, கையில் கிடைத்ததை மாட்டி, காற்றுக் குளிர்ந்தால் அடுத்த வீட்டுக்குப் போகிறவன். ஒரு கிழவி கும்பிட்டு நிற்கிறாள், இவளுக்குச் சட்டம் பெரிதாகப் போய்விட்டது என்று பொருமினான். புனிதா ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள். அவள் பதில் சொல்லியிருந்தால் அவன் கோபம் பாதி வழியில் இறங்கியிருக்கும்.

ஞாயிறு காலை அவள் சந்தைக்குப் போனதும் தர்மா வேலையைக் காட்டினான். யுகேந்திரனிடம் வாங்கி வந்த பென்டிரைவைக் கணினியில் செருகி, செயலாளர் என்ற தன் சொந்தக் கணக்கில் இணையத்தளத்துக்குள் நுழைந்தான். செய்தி எழுத இடம் இருந்தது, படம் போட இடம் இருந்தது. பிளகின் சேர்க்கிற பொத்தானை மட்டும் காணவில்லை. செய்தி எழுதுகிறவனுக்கு அதற்கு மேல் உரிமை எதற்கு என்று புனிதா எப்போதோ அளவாக வெட்டிவைத்திருந்தாள். சங்கத்துக்கே செயலாளர், தன் வீட்டு மேசையில் உட்கார்ந்து தொப்பலாக வேர்த்தான். பிறகு அவள் கணக்கைத் திறந்தான். கணினி கடவுச்சொல்லைத் தானே நிரப்பிக் கொடுத்தது. வெற்றி என்று நிமிர்ந்தால், கைப்பேசிக்கு ஆறு இலக்க எண் அனுப்பியிருக்கிறோம், அதைப் போடுங்கள் என்றது. கைப்பேசி சந்தையில், அவள் பையில் இருந்தது.

அவள் கெம்போங் மீனும் கருவேப்பிலையுமாக வந்து சேர்ந்தாள். அவள் கைப்பேசிக்குப் போன எண்ணால் கையும் களவுமாகப் பிடிபட்டவன் கூடத்தில் பழைய செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தான். திட்டுவாள் என்று காத்திருந்தவனுக்கு அவள் மீனை ஐஸ்பெட்டியில் வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னதுதான் உறைத்தது.

"அந்தப் பென்டிரைவ எடுத்துட்டு வாங்க. ஏன் வேணாங்கிறேன்னு காட்டுறேன்."

இணைய இணைப்பே இல்லாத ஒரு பழைய மடிக்கணினியை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள். முதலில் சந்தைக்கு எழுதிப் போன சாமான் பட்டியலை அதில் தட்டினாள்: மீன், கருவேப்பிலை, தேங்காய். ஒரு கட்டளை கொடுத்ததும் கீழே அறுபத்து நான்கு எழுத்தும் எண்ணுமாக நீளமாய் ஒரு வரி வந்தது. இதுதான் இந்தப் பட்டியலின் சரிபார்ப்பு எண் என்றாள். இப்போது ஏதாவது மாற்றுங்கள், சின்னதாக. தர்மா கிண்டலாக ஒரே ஒரு காற்புள்ளியை எடுத்தான். மறுபடி கட்டளை கொடுத்தாள். வந்த வரி முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை வேறாக இருந்தது. காற்புள்ளியைத் திரும்ப வைத்தான். பழைய வரி அச்சுப் பிசகாமல் வந்து நின்றது.

தர்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். ஓர் இடைவெளி விட்டுப் பார்த்தான். தேங்காயில் துணைக்காலை எடுத்துப் பார்த்தான். கண்ணுக்கே தெரியாதபடி கடைசியில் ஒரு புள்ளி வைத்துப் பார்த்தான். ஏழு தடவை ஏமாற்றப் பார்த்தும் ஏமாறவில்லை. இருபத்தைந்து வருஷமாக இயந்திரங்களோடு மல்லுக்கட்டுகிற அவனுக்கு உடம்பு சிலிர்த்தது. உலகத்தில் எங்கோ இருக்கிற ஒருவன் எழுதியது வழியில் ஒரு புள்ளிகூட மாறாமல் புந்தோங்கில் இந்த மேசைக்கு வந்து சேர்ந்ததா என்பதை இப்படி ஒரு வரியில் தெரிந்துகொள்ளலாம் என்று அவனுக்கு இதுவரை யாரும் சொன்னதில்லை.

பிளகின் செய்தவர்கள் தங்கள் பக்கத்தில் ஒவ்வொரு பதிப்புக்கும் இந்த எண்ணைப் போட்டிருந்தார்கள். புனிதா அதைத் தாளில் எழுதி வைத்திருந்தாள். பென்டிரைவில் இருந்ததற்குக் கட்டளை கொடுத்தாள். எண் ஒத்துப்போகவில்லை. உள்ளே பிரித்து ஒவ்வொரு கோப்பாகப் பார்த்தபோது செய்தவர்கள் பட்டியலில் இல்லாத கோப்பு ஒன்று இருந்தது. பத்து வரிகூட இல்லை. அதை மாட்டிய உடனே, ரகசியமாக இன்னொரு நிர்வாகிக் கணக்கை உண்டாக்கு, அதைப் பட்டியலில் காட்டாதே, சாவியை இந்த முகவரிக்கு அனுப்பு. அவ்வளவுதான். யுகேந்திரனுக்கும் தெரியாது, அவருக்குக் கொடுத்தவருக்கும் அநேகமாகத் தெரியாது.

சங்கத்து இணையத்தளத்தில் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் பெயர், பிறந்த நாள், பலருடைய ஐசி எண். போலீஸ் பேசுகிறேன், வங்கி பேசுகிறேன் என்று போன் போட்டுக் கிழவிகளைப் பதற வைக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல விருந்து வேண்டாம். காலையில் அந்த ஆறு இலக்க எண் மட்டும் தன் கைக்குக் கிடைத்திருந்தால் என்று நினைத்துப் பார்த்த தர்மா, பென்டிரைவைப் பிடுங்கி மேசையின் மறு ஓரத்துக்குத் தள்ளினான். முட்டைத் தட்டின் அடியைப் பார்க்கிறவளைக் கேலி செய்த அத்தனை நாளும் ஒன்றாக வந்து அவன் முன்னால் உட்கார்ந்தன.

நமக்கு வேண்டிய உச்சரிப்புத் தேடல் இலவசப் பதிப்பிலேயே இருக்கிறது என்று அவள் சொன்னது அடுத்த அடி. சும்மா கிடைப்பதைத் திருடிக் கொடுத்திருக்கிறார்கள்.

செவ்வாய்க்கிழமை ஒரு வேலை தள்ளிப்போனதால் தர்மா பகலில் வீட்டில் இருந்தான். அவள் கூப்பிடாமலே பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டான். அவள் இணையத்தளத்தின் சொந்த பிளகின் பட்டியலுக்குப் போனாள். யார் செய்தது, கடைசியாக எப்போது திருத்தினார்கள், எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள், குறை சொன்னவர்களுக்குப் பதில் சொல்லியிருக்கிறார்களா, நம் இணையத்தளத்தின் பதிப்புக்கு ஒத்துவருமா என்று ஒவ்வொன்றாகப் படித்தாள். பிறகு முழுத் தளத்தையும் நகலெடுத்து இரண்டு வெவ்வேறு இடங்களில் வைத்தாள். வைத்ததோடு விடாமல், அந்த நகலிலிருந்து தளத்தைத் திரும்ப எழுப்ப முடிகிறதா என்று எழுப்பியும் பார்த்தாள். அப்படி எழுப்பியது வெளியாட்கள் பார்க்க முடியாத ஒத்திகைத் தளம். பிளகினை முதலில் அங்கேதான் மாட்டினாள். மாட்டியதும் அது தன் வழக்கப்படி ஐசி எண்களையும் சேர்த்து ஊருக்குத் திறந்துவிடப் பார்த்தது. நல்ல இடத்துப் பிள்ளைக்கும் சில துர்க்குணம் இருக்கத்தான் செய்யும். அந்த அமைப்பை மூடினாள்.

பிளகின் தளத்தில் இருந்த படங்களின் பெயர்களை எல்லாம், அவை இருந்த கோப்புறையோடு சேர்த்து, ஒவ்வொன்றாகப் படித்துத் தனக்கு ஒரு பட்டியல் போட்டுக்கொண்டது. முடித்ததும் ஒரு மூலையில் சின்னதாக எண்ணிக்கை காட்டியது: 4,330.

புனிதாவின் கை நின்றுவிட்டது. தளத்தின் பதிவுப் பட்டியலில் இருந்தது 4,118.

தர்மா தேடு, கருப்பம்மாள் பெயரைப் போட்டுத் தேடு என்று பரபரத்தான். அவள் தலையாட்டினாள். எண்ணிக்கை குறைந்தாலும் தப்பு, கூடினாலும் தப்பு. இருநூற்றுப் பன்னிரண்டு எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் ஓர் அடி நகரமாட்டேன் என்றாள். தளத்தின் கிடங்குக்குள் இறங்கி, கோப்புறை கோப்புறையாகத் திறந்துகொண்டே போனாள். இருபது நிமிஷம் கழித்துத் திரையில் இருந்ததைப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

இந்த நாட்டில் நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பெயரையும் அப்பா பெயரையும் சேர்ப்பது நடுவில் இருக்கிற இரண்டெழுத்து. ஆணுக்கு ஏ/எல், பெண்ணுக்கு ஏ/பி; மலாயில் அனாக் லெலாக்கி, அனாக் பெரெம்புவான், அதாவது இன்னாரின் மகன், இன்னாரின் மகள். இரண்டெழுத்துக்கும் நடுவில் ஒரு சாய்கோடு. மனிதனுக்கு அது வெறும் கோடு. கணினிக்கோ அது கதவு. இடப்பக்கம் இருப்பது அறை, வலப்பக்கம் இருப்பது அறைக்குள் வைக்கிற பொருள். எட்டு வருஷத்துக்கு முன் பெயர்களை மொத்தமாகத் தளத்தில் ஏற்றிய பழைய பிளகின், சாய்கோடு வந்த இடத்தில் எல்லாம் புதுக் கோப்புறை ஒன்றைத் திறந்து, மகளை வெளியே விட்டு, அப்பாவை உள்ளே போட்டுப் பூட்டியிருந்தது. 'முனியம்மா ஏ' என்று ஒரு கோப்புறை, அதற்குள் 'பி சின்னப்பன்' என்று ஒரு படம். 'ஐயாவு ஏ', அதற்குள் 'எல் வீரன்'. இப்படி இருநூற்றுப் பன்னிரண்டு பேர். பட்டியலில் ஏறாமல், யார் தேடியும் கிடைக்காமல், ஆனால் எங்கேயும் போகாமல், எட்டு வருஷமாக அங்கேயே இருந்திருக்கிறார்கள்.

தர்மா திரையை ஒட்டிக் குனிந்து பெயர்களைப் படித்தான். இத்தனை பேரும் சங்கத்தின் கையிலேயே இருந்திருக்கிறார்கள், ஒரு கோடு மறைத்துவிட்டது. இதைக் கண்டுபிடித்தவள் தன் பெண்டாட்டி. அவன் அவள் பக்கம் திரும்பி ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் கண் கலங்கியிருந்தது.

"இது ஒம்பதாவது, பத்தாவது புஸ்தகம்," என்றாள். "நான் டைப் பண்ணது."

அப்போது அவள் தொழிற்சாலையில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் யுகேந்திரன் கடைக்குப் போய் மற்றவர்களோடு உட்கார்ந்து எக்செல் தாளில் பெயர் தட்டினாள். மற்றவர்கள் அவசரத்தில் ஏ/பியை விட்டுவிட்டு வெறும் பெயரைத் தட்டினார்கள். அவர்கள் தட்டியது எல்லாம் சுகமாக ஏறிவிட்டது. டிரஸர் பழைய முறையில் எழுதியதை ஐசியில் இருக்கிற முறைப்படி திருத்தி, ஒன்றுவிடாமல் ஏ/எல், ஏ/பி போட்டவள் அவள் ஒருத்திதான். அந்த எக்செல் தாள் கடைக் கணினியோடு செத்துப்போனது. பட்டியலோ பெயர் வரிசையில் இருந்ததே தவிரப் புத்தக வரிசையில் இல்லை. இரண்டு புத்தகம் குறைவது யார் கண்ணுக்கும் படவில்லை. எல்லாரையும்விடச் சுத்தமாகச் செய்த வேலைதான் அத்தனை பேரையும் மறைத்திருந்தது.

தர்மாவுக்கு ஆறுதல் சொல்லத் தெரியாது. அவன் எழுந்து போய்த் தேநீர் போட்டுக்கொண்டு வந்து வைத்தான். அவள் கண்ணைத் துடைத்துவிட்டுக் குடித்தாள். அதன்பிறகுதான் தேடுகிற பெட்டியில் கருப்பம்மாள் என்று தட்டினாள்.

ஒரே ஒரு படம் வந்தது. டிரஸர் 'கார்ப்பமா' என்று எழுதியிருந்தார். பெண். தகப்பன் பத்துமலை, பால்மரம் சீவுபவர். 1961 மார்ச் பதினான்கு. ஒன்பதாவது புத்தகம், நூற்று எட்டாவது வரி.

சந்தோஷத்தில் ஓடிப்போய்ச் சொல்லக் கிளம்பிய தர்மாவை அவள் பிடித்து உட்காரவைத்தாள். இது ஒத்திகைத் தளம். உண்மைத் தளத்தில் நின்றபிறகு சொல்லலாம் என்றாள். சென்ற வாரமாக இருந்தால் அவன் குதித்திருப்பான். இப்போது உட்கார்ந்தான். புதன் காலை அவள் மறுபடி நகலெடுத்து, உண்மைத் தளத்தில் பிளகினை மாட்டி, இருநூற்றுப் பன்னிரண்டு பேரையும் கோப்புறைகளிலிருந்து வெளியே எடுத்து ஒவ்வொருவராக அப்பா பெயரோடு சேர்த்தாள். பெயர்களைச் சிதறடித்த பழைய பிளகினை நிறுத்தியதோடு விடாமல் அழித்தே விட்டாள். அன்று மாலை சங்கத்தாரைக் கூட்டி, யாரும் கேட்குமுன், இந்தத் தப்பு என்னுடையது என்று எழுந்து நின்று சொன்னாள். யுகேந்திரன்தான் முதலில் பேசினார். அந்தப் பென்டிரைவை உடைத்து லோங்காங் சாக்கடையில் போட்டாயிற்று என்றார்.

வியாழக்கிழமை பதிவிலாகா அம்மா புத்தக எண்ணையும் வரி எண்ணையும் குறித்துக்கொண்டு, காப்பகத்துக்குத் தாமே கடிதம் எழுதினார். அசல் புத்தகத்தில் அதே வரியில் அதே பெயர் இருந்தது. பிறகு ஏழு மாதம் ஆயிற்று.

நீல ஐசி வாங்கிக்கொள்ள அழைப்பு வந்த அன்று கருப்பம்மாள் தீபாவளிக்குப் புனிதா எடுத்துக் கொடுத்த பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தார். தர்மா வேனில் இருவரையும் கூட்டிப்போனான். கூடத்தில் நாற்பது ஐம்பது பேர். முகப்பிலிருந்து அதிகாரி ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அழைத்தார். "கருப்பம்மாள் அனாக் பெரெம்புவான் பத்துமலை" என்று குரல் வந்தது. யாரும் எழவில்லை. மறுபடியும் வந்தது. கருப்பம்மாள் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று மற்றவர்களைப் போலவே திரும்பித் திரும்பிப் பார்த்தார். அறுபத்து மூன்று வருஷத்தில் அவரை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

"அக்கா," என்று தர்மா மெல்லத் தொட்டான். "ஒங்களத்தான்."

அதிகாரி அட்டையை நீட்டி, விவரம் எல்லாம் சரியா என்று பார்த்துக் கையெழுத்துப் போடச் சொன்னார். கருப்பம்மாள் பேனாவைக் கையில் வாங்கவில்லை. திரும்பிப் புனிதாவைக் கூப்பிட்டார். நீ பார்த்துச் சொன்னால்தான் போடுவேன் என்றார். புனிதா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அட்டையை வாங்கி, பெயரை எழுத்து எழுத்தாக, தேதியை எண் எண்ணாக, கொண்டுவந்த காகிதத்தோடு ஒப்பிட்டாள். பின்னால் வரிசை நின்றது. அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். தர்மா அவளை அவசரப்படுத்தவில்லை; அவள் விரல் ஒவ்வோர் எழுத்தாக நகர்வதைப் பார்த்துக்கொண்டு நின்றான். இப்படி ஒருத்தியோடு இத்தனை வருஷம் குடித்தனம் செய்திருக்கிறோமே என்று நினைத்துக்கொண்டான்.

"எல்லாம் சரியா இருக்குக்கா," என்றாள் புனிதா.

கருப்பம்மாள் கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு நகராமல் நின்றார். வேறேதும் வேண்டுமா என்று அதிகாரி மலாயில் கேட்டார். நீங்கள் கூப்பிட்டபோது நான் கவனிக்கவில்லை, இன்னொரு தடவை கூப்பிட முடியுமா என்று கருப்பம்மாள் மலாயிலேயே கேட்டார். அதிகாரி ஒரு கணம் அவரை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு எழுந்து நின்று, கூடம் முழுக்கக் கேட்கும்படி, மகள் பெயரையும் அப்பா பெயரையும் சேர்த்து நிறுத்தி நிதானமாக அழைத்தார்.

"இருக்கேன்," என்றார் கருப்பம்மாள்.